ஓடாதே என்று சொன்னவர்கள்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை அன்றைக்கே மறந்துவிடப் பார்த்தேன். முடியவில்லை. கடையில் புடவை மடிக்கும்போதும் அதுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை கேட்ட அம்மாவுக்கு நீலத்தை எடுத்து விரித்துப் போட்டு, முதலாளியிடம் ஒரு பார்வையும் வாங்கிக்கொண்டேன். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை நீ பாதியில் துண்டிக்க முடியாது.

நீ சொன்னது இதுதான். மணலூர்பேட்டைப் பக்கம் நீ பி.டி. மாஸ்டராகச் சேர்ந்திருக்கும் பள்ளிக்கூடத்தில், காய்ச்சல் பரவுகிறது என்று எல்.கே.ஜி.யிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைக்கும் விளையாட்டுப் பீரியடை நிறுத்தினார்கள். காய்ச்சல் அடங்கிய பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகள் கையெழுத்துப் பயிற்சி எழுதுகிறார்கள். நீ நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரும் அசையாமல் பார்த்துக்கொள்கிறாய். ஏன்டா இப்படி என்று கேட்டதற்கு, "பேரண்ட்ஸே வேணாங்கறாங்கம்மா. மீட்டிங்ல எல்லாரும் கைய தூக்கிட்டாங்க. நான் இன்னா பண்றது?" என்றாய். குழம்பில் உப்பு கம்மி என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்.

நானும் ஒரு பேரண்ட்தான் தம்பி. என்னை யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. உங்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் எனக்கு நாற்காலி இல்லை. ஆனால் சின்னப் பிள்ளைகள் ஓடலாமா கூடாதா என்று பெற்றோர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பதை நான் முன்பே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கொரோனா வருடத்தில், நம் காம்பவுண்டுக்குள். உனக்கு அப்போது காலேஜ் முதல் வருடம். பகலெல்லாம் போனில் கிளாஸ், மீதி நேரம் தூக்கம். நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. தெரிந்த பாதியையும் நீ மறந்துவிட்டாய் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கள்ளக்குறிச்சியில் அன்றைக்கு நாம் இருந்தது நான்கு போர்ஷன் வைத்த வாடகை வீடு. நடுவில் சிமெண்ட் வாசல், ஒரு மூலையில் அடிபம்பு, எதிரே இரும்பு கேட். மாடியில் ஹவுஸ் ஓனர், அதற்கு மேலே மொட்டை மாடி. அரிசி சாப்பிடாமல் யாரும் இருக்க முடியாது என்பதால் உன் அப்பா வேலை பார்த்த ரைஸ் மில்லைச் சீக்கிரமே திறந்துவிட்டார்கள். நான் நிற்கும் துணிக்கடை மூடிக் கிடந்தது. உன் தங்கச்சி தர்ஷினி அப்போது யு.கே.ஜி. பள்ளிக்கூடம் மூடியதும் அவள் செய்த முதல் வேலை ஓடுவதுதான். பம்பிலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து பம்புக்கு. அவள் பின்னாலேயே பக்கத்துப் போர்ஷன் மாலதியின் பையன் சஞ்சய். அவனுக்கும் அதே வயது. கேட்டைத் தொட்டு அவர்கள் திரும்பும்போது வருகிற 'டங்' என்ற சத்தம் அடுப்படியில் இருக்கும் எனக்குக் கேட்கும். அது கேட்கும்வரை, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று நான் பாட்டுக்கு வேலை பார்ப்பேன்.

ஒரு நாள் ஓனர் வீட்டு அக்கா படிக்கட்டின் பாதி வரை இறங்கி வந்து நின்று, கீழே இருந்த அம்மாக்கள் எல்லோரையும் கூப்பிட்டார். முகத்தில் துணி கட்டியிருந்தார். பிள்ளைகள் ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் கிருமி நேராக உள்ளே போகும் என்றார். வேர்த்தால் சளி பிடிக்கும், சளி என்று தெரிந்தாலே தெருவை அடைத்துத் தகரம் அடித்துவிடுவார்கள் என்று எதிர்ப் போர்ஷன் அம்மா சேர்த்துக்கொண்டார். மாலதிக்கு வேறு கவலை. "வுழுந்து கைய ஒடச்சிக்கினா எந்த ஆஸ்பத்திரில பாப்பாங்க? செல்லு குடுத்து ஒக்கார வெச்சா கம்முனு கெடக்குதுக்கா" என்றாள். அவரவருக்கு ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயம் மாதிரியும் இருந்தது. எல்லாம் சேர்ந்து, மறுநாளிலிருந்து வாசலில் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்று ஆனது. மொட்டை மாடிக் கதவில் பூட்டு தொங்கியது.

நான் நோயைப் பொய் என்று சொல்லவில்லை. உன் அப்பாவோடு மில்லில் மூட்டை தூக்கியவர் அடுத்த வருடம் அதில்தான் போனார். அவருடைய மனைவிக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஆனால் பயத்தையெல்லாம் மூட்டை கட்டி நம் வீட்டிலேயே சின்னவளாக இருந்தவள் தலையில் வைத்தோமே, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

நமக்கு இருந்தது ஒரு கூடம், ஒரு அடுப்படி, பின்னால் குளியலறை. கூடத்தில் பாதியைக் கட்டில் அடைத்துக்கொண்டது, கட்டிலை நீ அடைத்துக்கொண்டாய். தர்ஷினிக்கு என் போன். முதலில் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. இரவில் படுக்கையை நனைத்தாள், அது நின்று போய் வருடங்கள் ஆகியிருந்தன. சட்டைக் கையைக் கடித்துக் கடித்து நூலாக்கினாள். சோறு வேண்டாம், பிஸ்கட் மட்டும் வேண்டும். போனை வாங்கினால் என்னை அடிக்கக் கை ஓங்குவாள். கட்டிலில் குதித்தால் மாலதி வீட்டுச் சுவரில் 'தொம் தொம்' என்று தட்டுவார்கள், உடனே நீ அவளை அதட்டுவாய்.

ஒரு மத்தியானம் குளியலறையில் குழாய் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தேன். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அதன் பக்கத்தில் உன் தங்கச்சி நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றுவிட்டாள். குழாயை ஏன் திறந்து வைத்தாய் என்று கேட்டேன்.

"தண்ணி சத்தம்தான் கேக்கும். நான் குதிக்கிறது யாருக்கும் கேக்காதும்மா" என்றாள்.

ஐந்து வயதுக் குழந்தை தம்பி. குதிப்பதை ஒளித்துச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு நாம் கற்றுக்கொடுத்திருந்தோம். எழுத்து எத்தனை முறை கற்றுக்கொடுத்தும் வரவில்லை, இது மட்டும் ஒழுங்காக வந்துவிட்டது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்திருந்தால் மாலதி பயந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்போம். நான் குழாயை மூடினேன். அவளைத் துடைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். அப்போது மேலே செருப்புச் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. ஓனர் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தார். அந்தச் சத்தம் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்குத்தான் என் காதில் உறைத்தது.

நேராக மேலே ஏறிப் போனேன். கதவுக்கு இந்தப் பக்கமே தள்ளி நின்று, பிள்ளைகளையும் கொஞ்ச நேரம் விடுங்கள், ஒவ்வொரு வீடாகத் தனித்தனியாக வரட்டும், நானே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று பணிவாகத்தான் கேட்டேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"எனக்கு சுகர் கீதும்மா. நடக்கலன்னா காலு மரத்துப் போவுது. டாக்டரே சொல்லிகிறாரு."

"எம் பொண்ணுக்கும் காலு கீது சார். அதுக்கும் டாக்டர்தான் வந்து சொல்லணுமா?"

அவர் அப்போதுதான் நின்றார். சின்னப் பிள்ளைக்கு எதற்கு எக்சர்சைஸ், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கட்டும் என்றார். படித்தவர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நடந்தால்தான் கால் கால் மாதிரி இருக்கும் என்று தன் கால் விஷயத்தில் தெரிந்துவைத்திருந்தவருக்கு, வளர்கிற கால் விஷயத்தில் அது தெரியவில்லை. மறுநாள் அவர் மனைவி, அனுசரித்து இருக்க முடியாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். உன் அப்பா என்மேல்தான் பாய்ந்தார். "இந்த நேரத்துல எவன் வூடு குடுப்பான்? புள்ள வெளாட்ற எடம் பெருசா, குடியிருக்கிற எடம் பெருசா? கம்முனு கெட" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. சாமான்களோடு தெருவில் நின்றால் சொந்தக்காரர் வீட்டில்கூட அப்போது சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த வாரமே ஒயின் ஷாப்பைத் திறந்தார்கள். மெயின் ரோடு வரைக்கும் வரிசை. நம் காம்பவுண்டு அப்பாக்களும் அதில் நின்றார்கள், வேர்த்தால் சளி பிடிக்கும் என்று சொன்ன அம்மாவின் வீட்டுக்காரர் உட்பட. ஆள் இடித்துக்கொள்ளாமல் நிற்கத் தரையில் அழகாக வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெரியவர்கள் குடிப்பதற்கு எப்படி நிற்பது என்று யோசிக்க ஆள் இருந்தது. குழந்தைகளுக்கும் அப்படி ஒரு வட்டம் போட்டு, இதற்குள் குதியுங்கள் என்று சொல்ல அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அன்று மாலை உன்னை எழுப்பிவிட்டுக் கட்டிலைச் சுவரில் நிமிர்த்திச் சாத்தினேன். கூடம் காலியானது. "குதிடி" என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு குதித்தாள். மாலதி வீட்டில் சுவரைத் தட்டினார்கள். நானும் திருப்பித் தட்டினேன். அதற்குப் பிறகு மாலதியும் நானும் வெகுகாலம் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் விடியும் முன்னே நீ எழுந்து, தங்கச்சியை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினாய். கோமுகி ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். ஆள் நடமாட்டமும் இல்லை. மேற்கே கல்வராயன் மலைமேல் வெளிச்சம் விழும்வரை அவளை ஓடவிட்டாய். திரும்பி வரும்போது அவள் கால் விரலுக்கு இடையிலெல்லாம் மணல், முடி கலைந்து முகம் சிவந்து, வந்ததும் இரண்டு தோசை கேட்டாள். பிறகு தினமும் போனீர்கள்.

போலீஸ் உன்னைப் பிடித்ததை நீ என்னிடம் மறைத்தாய், அவள்தான் சொன்னாள். வழியில் தடுப்பு வைத்து நின்ற போலீஸ்காரர் உன்னைத் தோப்புக்கரணம் போடச் சொன்னாராம். நீ போட ஆரம்பித்ததும், இவளும் பக்கத்தில் நின்று காதைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் போட்டாளாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏன் ஊர் சுற்றுகிறாய் என்று அவர் கேட்டதற்கு நீ, "ஓடறதுக்கு சார். வூட்ல எடம் இல்ல" என்றாயாம். அவர், "என் வூட்லயும் ரெண்டு கீது. செல்ல நோண்டிக்கினு கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அனுப்பிவைத்தாராம். அன்றைக்கு உனக்குப் பதவி இல்லை, சம்பளம் இல்லை, கழுத்தில் விசில் இல்லை. லத்தியோடு நின்றவரிடம் உண்மையைச் சொன்னாய், அவரும் ஒரு தகப்பனாக அதைக் கேட்டுக்கொண்டார். இன்றைக்கு விசில் இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது. அதே உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா?

பள்ளிக்கூடம் திறந்த பிறகு நடந்ததையும் சொல்கிறேன். அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய். ஒரு சாயங்காலம் மாலதி என் அடுப்படிக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். சுவரைத் தட்டிய நாளுக்குப் பிறகு அவள் நம் வாசற்படி மிதித்தது அன்றுதான். "ஒரு மாடி ஏற முடியலக்கா எம் புள்ளைக்கு" என்றாள். சஞ்சய் வகுப்புக்குப் போகும்போது பாதிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டானாம். மற்ற பிள்ளைகள் அவனைத் தாண்டிக்கொண்டு போனார்களாம். டாக்டர் நோய் ஒன்றும் இல்லை, எடை ஏறிவிட்டது, உடம்பு அசைந்தே பழகவில்லை, ஓடி விளையாட விடுங்கள் என்றாராம். அவனோ ஓடவே பயந்தான். விழுந்துவிடுவாய், விழுந்துவிடுவாய் என்று சொல்லிச் சொல்லி, அவன் அதை நம்பியே விட்டான். அப்போதே சொன்னேனே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோபம் வந்தது, ஆனால் மாலதிமேல் இல்லை. பயத்தில் இருக்கிற தாயிடம் எல்லோரும் சேர்ந்து 'உட்கார வை' என்று மட்டும்தானே சொன்னோம்? எப்படி ஓடவிடுவது என்று யார் சொன்னோம்?

அந்த மாதமே தர்ஷினியும் சஞ்சயும் படித்த பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பாடம் நிறைய விட்டுப்போய்விட்டது, அதனால் சின்ன வகுப்புகளுக்கு இந்த வருடம் விளையாட்டுப் பீரியட் கிடையாது என்று ஹெச்.எம். அறிவித்தார். பெற்றோர்கள் கை தட்டினார்கள். தட்டினார்கள் தம்பி, என் இரண்டு கண்ணால் பார்த்தேன். முன் வரிசையில் ஒருவர் எழுந்து, விளையாடுவதற்கு வீடு இருக்கிறது, ஃபீஸ் கட்டுவது படிப்பதற்கு என்று வேறு சொன்னார். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் எழுந்தேன்.

"வூட்ல வெளாடக் கூடாதுன்னு சொன்னீங்க. தெருவுல கூடாதுன்னு சொன்னீங்க. இப்போ ஸ்கூல்லயும் கூடாதுன்னா, புள்ளைங்க எங்கதாங்க வெளாடும்?"

உங்கள் பெண் என்ன ஸ்டேட் லெவலுக்கா போகப்போகிறாள் என்று ஹெச்.எம். கேட்டார். ஹாலே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. உட்காரவும் மனமில்லாமல், நிற்கவும் முடியாமல் இருந்தபோது பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. மாலதி எழுந்து நின்றாள்.

"எம் பையன் மாடிப்படில ஒக்காந்துட்டான் மிஸ். அவன் படிக்கணும்னா மொதல்ல கிளாஸுக்கு ஏறிப் போவணும் இல்லீங்களா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஒரு அப்பா, தன் மகளும் சாயங்காலத்தில் கால் வலி, கால் வலி என்று அழுகிறாள் என்றார். இன்னொரு அம்மா, பையன் ராத்திரியில் தூங்குவதே இல்லை என்றார். சற்று முன் கை தட்டிய அதே ஆட்கள்தான். அவரவர் வீட்டுக் கதையை அவரவர் வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்தார்கள். கடைசியில் வாரத்தில் இரண்டு பீரியட் திரும்பக் கிடைத்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பிள்ளைகள் புழுதியில் சும்மா ஓடினார்கள். சஞ்சய் முதலில் நடந்தான். மழைக்காலம் முடிவதற்குள் அவனும் ஓடினான். அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஒரு மாஸ்டர் இல்லையே என்று நான் வீட்டில் புலம்பியதைக் கேட்டுத்தான், பி.காம். முடித்த கையோடு நீ பி.பி.எட். சேர்கிறேன் என்றாய். பாங்க் பரீட்சை எழுதச் சொன்ன உன் அப்பாவிடம் உனக்காகச் சண்டை போட்டது யார் என்று உனக்குத் தெரியும். பிள்ளைகளை அசையாமல் பார்த்துக்கொள்வதற்காக நான் அந்தச் சண்டையைப் போடவில்லை.

வேலையை எறிந்துவிட்டு வா என்று சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்தவன், எதிர்த்துப் பேசினால் அனுப்பிவிடுவார்கள் என்ற உன் பயம் நியாயமானது. ஆனால் பேரண்ட்ஸ் வேண்டாம் என்கிறார்கள் என்று மட்டும் இனி என்னிடம் சொல்லாதே. கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் பயம்தான் முதலில் கை தூக்கும். சாயங்காலம் கேட்டில் நின்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கேள். உங்கள் பையன் ராத்திரி தூங்குகிறானா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறானா, போனை வாங்கினால் என்ன செய்கிறான் என்று கேள். அவர்கள் பயப்படுவதையும் முழுசாகக் கேட்டுக்கொள். காய்ச்சல் உள்ள பிள்ளை வீட்டில் இருக்கட்டும், மற்றவர்களைச் சிறுசிறு கூட்டமாகப் பிரித்துக் காலை வெயிலில் விடுகிறேன், விழுந்தால் நான் இருக்கிறேன் என்று சொல். நான் இருக்கிறேன் என்று ஒருத்தர் சொல்லாததால்தான் அந்த வருடம் எல்லா அம்மாக்களும் கதவைச் சாத்தினோம். அதன் பிறகு அவர்களையே கூட்டிக்கொண்டு போய் ஹெச்.எம். முன்னால் நிற்கவை. அப்போது சொல், பேரண்ட்ஸ் என்ன கேட்கிறார்கள் என்று.

தர்ஷினி இப்போது ஆறாவது படிக்கிறாள். அவளுக்குப் புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரிய மனுஷி ஆகப்போகிற பெண், கோ-கோ எல்லாம் எதற்கு என்று உன் அப்பா போன வாரம் ஆரம்பித்தார். ஊரிலும் மறுபடி காய்ச்சல் என்கிறார்கள். ஸ்கூல் கிரவுண்டில் பிராக்டீஸ் என்று சொல்லிவிட்டு நாலு மணிக்குப் போனவள் இன்னும் வரவில்லை. இருட்டத் தொடங்கிவிட்டது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது தம்பி. எழுந்து போய் அவளை இழுத்துக்கொண்டு வரலாம் என்று இந்தக் கடிதத்துக்கு நடுவிலேயே எத்தனையோ முறை தோன்றிவிட்டது. போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.

அம்மா